வாக்கியம் முடியுமுன் தீர்ப்பு

சிங்கப்பூரின் வடபகுதியில் உள்ள உட்லண்ட்ஸ் எம்.ஆர்.டி. நிலையத்திற்கு இரண்டு குறியீடுகள் உண்டு. வடக்கு–தெற்குத் தடத்தில் அது என்.எஸ். 9, தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் டி.இ. 2. முதல் தடம் 1996 பிப்ரவரி 10-ஆம் நாள் அங்கு வந்தது. இரண்டாவது 2020 ஜனவரி 31-ஆம் நாள் வந்து சேர்ந்தது. ஓரிடத்திற்கு இரு குறிகள் இருப்பதால் கேடு ஒன்றுமில்லை. ஒரு குறி ஈரிடத்திற்கு வழங்கினால்தான் பயணி வழி தவறுவான். ஆகவே இக்குறியீட்டு முறையின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது: ஒரு குறி ஒரு நிலையத்திற்கே உரியது.

இவ்விதியோடு இன்னொரு விருப்பமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்கள் நிலையங்களின் வரிசையையும் காட்ட வேண்டும் என்பதே அது. தொல்லை இங்கேதான் பிறக்கிறது. உட்லண்ட்ஸுக்கு ஒரு புறம் அட்மிரல்ட்டி 10, செம்பவாங் 11, கன்பரா 12, யீஷூன் 13. இவற்றுள் கன்பரா 2019 நவம்பர் 2-ஆம் நாள்தான் திறக்கப்பெற்றது. அதற்கு முன் வரைபடத்தைப் பார்த்தவர்கள் பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்குத் தாவியிருக்கிறார்கள். மறுபுறம் மார்சிலிங் 8, கிராஞ்சி 7. அடுத்து நிற்பது ஆறன்று, இயூ டீ 5. ஆறாம் எண் சுங்கை காடுட் நிலையத்திற்காகக் காத்திருக்கிறது. அப்பால் சுவா சூ காங் 4, புக்கிட் கோம்பாக் 3. இவ்விரண்டிற்கும் இடையே எண் ஒன்றும் மிச்சமில்லை. ஆதலால் அங்கே திட்டமிடப்பட்டுள்ள பிரிக்லேண்ட் நிலையம் என்.எஸ். 3ஏ என்று குறிக்கப்படுகிறது. முன்னறிவோடு விட்ட இடைவெளி ஓரிடத்தில் பலித்தது. அது எட்டாத இடத்தில் ஓர் எழுத்து ஒட்டுப் போட்டது.

பிரிக்லேண்டுக்கு 4 கொடுத்து, மற்றவற்றை ஒவ்வோர் எண் தள்ளி எழுதினால் என்ன? அறிவிப்புப் பலகைகளையும் வரைபடங்களையும் மக்களின் நினைவையும் கருதி எவரும் அதைச் செய்ய முற்படவில்லை. அவற்றை ஒதுக்கி, கணினியில் உள்ள பட்டியலை மட்டும் நோக்கினால், வேண்டுவது ஒரே வாக்கியம்: நான்கும் அதற்கு மேலும் உள்ள எண்களுக்கெல்லாம் ஒன்று கூட்டுக. சுவா சூ காங் 5 ஆகும்; இயூ டீ 6 ஆகும்; உட்லண்ட்ஸ் 10 ஆகும்; அட்மிரல்ட்டி 11 ஆகும்; கோடியில் நிற்கும் மரினா சவுத் பியர் 28 என்பது 29 ஆகும். எந்த எண்ணும் இருமுறை வாராது. சிறுபிள்ளையும் சரியென்று சொல்லும் இவ்வாக்கியத்தை, உலகில் மிகப் பரவலாக வழங்கும் தரவுத்தளங்கள் சில, விதி மீறல் என்று தள்ளிவிடுகின்றன. அது ஏன் என்பதும், அத்தீர்ப்பு நேரிதா என்பதும் ஆராயத்தக்கன.

தரவுத்தளம் பெயரளவில் புதிது. வடிவளவில் பழைய கணக்கேடுதான். பத்திகள் நெடுக்காகவும் வரிகள் குறுக்காகவும் அமைந்த அட்டவணை அது. நிலையத்தின் பெயர் ஒரு பத்தி, குறியெண் ஒரு பத்தி. ஒரு நிலையத்திற்கு ஒரு வரி. குறியெண் பத்தியில் எந்த மதிப்பும் இரு வரிகளில் வரலாகாது என்று ஏட்டின் உடையவர் விதித்து வைக்கலாம். இதனைத் தனித்துவ விதி எனலாம். விதித்தபின் அதைக் காப்பது தளத்தின் பொறுப்பு. கவனக்குறைவால் ஒருவர் இரண்டு ஒன்பதுகளை எழுத முற்பட்டால் தளம் மறுக்கும். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் தளம் ஒரு கட்டளையை ஒரே மூச்சில் முடிப்பதில்லை; வரி வரியாகச் செல்கிறது. சுவா சூ காங்கிலிருந்து தொடங்கிற்று எனக் கொள்க. நான்கு ஐந்தாகிறது. அந்நொடியில் இயூ டீயும் ஐந்தாகவே இருக்கிறது. அப்போதே விதியைச் சோதித்தால் இரண்டு ஐந்துகள் கண்ணில் படும். கட்டளை முழுவதும் கைவிடப்படும். மாறாக மரினா சவுத் பியரிலிருந்து தொடங்கிற்று எனக் கொள்க. 28 என்பது 29 ஆகிறது; அங்கே எவரும் இல்லை. 27 என்பது 28 ஆகிறது. அது இப்போதுதான் காலியாயிற்று. இங்ஙனம் நான்கு வரை தடையின்றி முடியும். வாக்கியம் ஒன்றே, ஏடு ஒன்றே, விளைவும் ஒன்றே. கணினி எந்த வரியை முதலில் தொட்டது என்பது மட்டுமே வேறு. அவ்வேற்றுமை ஒன்றே ஒரு கட்டளையை ஓரிடத்தில் செம்மையாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் ஆக்கிவிடுகிறது.

இதனினும் வருந்தத்தக்கது, வரிசை நிலையாக இல்லாமை. போஸ்ட்கிரஸ் என்னும் தளத்தில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அப்படியே கிடக்க, புதிய படி ஒன்று எழுதப்படுகிறது. பழையது பின்னரே துடைக்கப்படும். ஆகவே வரிகள் கிடக்கும் முறை நாளடைவில் மாறக்கூடும். நேற்று நடந்த கட்டளை இன்று மறுக்கப்படலாம். பத்து வரிகளில் சோதித்துப் பார்த்தபோது தவறாமல் ஓடியது, பதினாயிரம் வரிகளில் முறிந்து விழலாம். எழுதியவன் தன் வாக்கியத்தில் பிழையைத் தேடுவான். வாக்கியத்தில் பிழையே இராது.

இத்தகைய தளங்களுக்கெல்லாம் மூலம் 1970-இல் எட்கர் காட் என்னும் கணித அறிஞர் வெளியிட்ட கட்டுரை. அவர் அப்போது கலிபோர்னியாவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றினார். 1981-இல் டூரிங் பரிசும் பெற்றார். அக்கட்டுரையின் தொடக்கத்தில் அவர் அக்காலத் தளங்களிடம் மூன்று சார்புகளைக் குறையாக எடுத்துக்காட்டுகிறார். முதலாவது வரிசையைச் சார்ந்திருத்தல். இரண்டாவது சுட்டுப் பட்டியலைச் சார்ந்திருத்தல். மூன்றாவது தரவை அடையும் வழியைச் சார்ந்திருத்தல். பின்னர் தம் அட்டவணைக்கு இலக்கணம் வகுக்குமிடத்தில், வரிகளின் வரிசை பொருட்டன்று என்கிறார். அதற்கு அடுத்தபடியாகவே எல்லா வரிகளும் தம்முள் வேறுபட்டனவாம் என்கிறார். வரிசையின்மையும் தனித்துவமும் அவருடைய இலக்கணத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு இயல்புகள் என்பதை ஊன்றி நோக்குக. வரி வரியாகச் சோதிக்கும் தளம், இரண்டாவதைக் காக்கும் பெயரால் முதலாவதை உடைக்கிறது. அது மட்டுமன்று. தனித்துவம் சுட்டுப் பட்டியல் கொண்டே காக்கப்படுகிறது. அப்பட்டியலில் புதிய எண்ணைச் செருகும் அந்நொடியிலேயே சோதனையும் நடந்துவிடுகிறது. ஆகக் காட் குறைகண்ட மூன்றில் இரண்டு, அவர் பெயரைச் சொல்லும் தளங்களுக்குள்ளேயே மீண்டும் குடிபுகுந்துவிட்டன.

தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாடு புதிதாகத் தோன்றாது. செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறையைத் தொல்காப்பியம் நான்காகவும் நன்னூல் எட்டாகவும் வகுத்தன. நன்னூலார் கூறும் யாற்றுநீர்ப் பொருள்கோளில் பொருள் ஆற்றொழுக்காக முன்னின்று பின் செல்லும். அடிமறிமாற்றில் எந்த அடியை எங்கே எடுத்து வைத்தாலும் பொருள் கெடாது. பூட்டுவிற் பொருள்கோளிலோ ஈற்றுச்சொல் வந்து முதற்சொல்லோடு பூட்டப்பெறும் வரை பொருள் முடிவதில்லை. காட் வகுத்த அட்டவணை அடிமறிமாற்று. அதன்மீது இடும் கட்டளையோ பூட்டுவில். இரண்டையும் யாற்றுநீராக வாசிப்பதே தளம் செய்யும் தவறு. பூட்டுவிற் பாட்டின் முதலடியைப் படித்த அளவில், இதற்கு எழுவாயும் இல்லை பயனிலையும் இல்லை என்று புத்தகத்தை மூடிவிடும் மாணவனை எந்த ஆசிரியர் பொறுப்பார்?

இது வெறும் கொள்கைப் பிணக்கு என்று ஒதுக்கவும் இடமில்லை. இத்தளங்கள் ஏற்கும் கட்டளை மொழி எஸ்.க்யூ.எல். எனப்படும். 1986-இல் அதற்குத் தரநூல் ஒன்று வகுக்கப்பட்டது. பின்னர் பலமுறை திருத்தி விரிக்கப்பெற்றது. தனித்துவத்தைக் கட்டளையின் இறுதியிலேயே நோக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. ஆரக்கிள் அவ்வாறே செய்கிறது. மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரும் மாற்றங்களைப் பிரித்து, நிரல்படுத்தி, ஒன்றையொன்று ஈடுசெய்வனவற்றைச் சேர்த்துக்கொண்ட பின்னரே பட்டியலில் கைவைக்கிறது. எனவே இது செய்ய முடியாத செயலன்று. போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகியவையோ இயல்பு நிலையில் வரிக்கு வரி தீர்ப்பு வழங்குகின்றன. முதலிரண்டின் கையேடுகள் தாம் தரநூலிலிருந்து விலகி நிற்பதை வெளிப்படையாகவே சொல்கின்றன. அந்நேர்மை பாராட்டத்தக்கது. ஆயின் குற்றத்தை அறிவித்தல் குற்றத்தை நீக்குதல் ஆகாது.

இவற்றின் சார்பில் சொல்லத்தக்கதும் உண்டு. பெரும்பாலான கட்டளைகள் ஒரு வரியையே தொடுகின்றன. அங்கே உடன் சோதிப்பதற்கும் இறுதியில் சோதிப்பதற்கும் வேறுபாடில்லை. பட்டியலில் எண்ணைச் செருகுவதற்கு எப்படியும் உரிய இடத்தைத் தேட வேண்டும். தேடும்போதே முன்பு அவ்வெண் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இறுதிவரை பொறுப்பதாயின், ஐயத்திற்கு இடமான எண்களையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து நோக்க வேண்டும், காலம் செல்லும். இவை மெய்யான காரணங்களே. ஆனால் விரைவு என்பது வாக்கியத்தை எப்படி நிறைவேற்றுவது என்பதற்குக் காரணமாகலாமேயன்றி, வாக்கியத்தின் பொருளை மாற்றுவதற்குக் காரணமாகலாகாது. மெதுவாக ஓடும் தளத்தை மன்னிக்கலாம். சரியான கட்டளையைப் பிழையென்று சொல்லும் தளம், விரைவாகச் சொன்னது என்பதற்காக மன்னிக்கத்தக்கதன்று.

இக்கருத்து கணினியாளர்களுக்கே உடன்பாடானது என்பதற்கு அவர்களுடைய வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1976-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில், காட்டின் கொள்கையைச் செயலாக்கிய சிஸ்டம் ஆர் என்னும் தளத்தை உருவாக்கியோர், ஆண்டுக்கு 25,000 டாலருக்குக் குறைவாக ஊதியம் பெறுவோர்க்குப் பத்து விழுக்காடு உயர்வு அளிக்கும் கட்டளை ஒன்றைப் பார்த்தார்கள். முடிவில் எவருடைய ஊதியமும் 25,000 டாலருக்குக் குறையவில்லை! தளம் ஊதிய வரிசைப் பட்டியல் வழியே சென்றது, உயர்த்தப்பட்ட வரி அப்பட்டியலில் மேலே நகர்ந்து மீண்டும் எதிரே வந்து நின்றது, மீண்டும் உயர்த்தப்பட்டது. ஹாலோவீன் நாளில் கண்டறியப்பட்டமையால் அதற்கு ஹாலோவீன் சிக்கல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வரிகளைத் தொடும் வரிசை விளைவை மாற்றலாகாது என்று அன்றே முடிவு செய்யப்பட்டது. பின்வந்த தளங்களெல்லாம் அதற்குக் காவல் அமைத்தன. விளைவை மாற்றலாகாது என்று ஒப்புக்கொண்டவர்கள், வரிசையானது ஒரு கட்டளையின் வாழ்வையும் சாவையுமே தீர்மானிப்பதை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது விளங்கவில்லை. ஊதியம் தவறாக ஏறியது கண்ணுக்குத் தெரிந்த கேடு. மறுப்புச் செய்தி எவருடைய பணத்தையும் தின்றுவிடவில்லை. ஒருவேளை இதுவே காரணமாகலாம்.

மைஎஸ்கியூஎல் இதற்கு ஒரு மருந்து சொல்கிறது. கட்டளையோடு, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை நோக்கிச் செல்க என்று வரிசையையும் சேர்த்து எழுதலாமாம். நிலையங்களின் குறியெண்ணுக்கு இது பயன்படும். ஆனால் வரிசையே பொருட்டன்று என்ற கொள்கையின்மேல் கட்டிய வீட்டில், வரிசையை வாயால் சொன்னாலன்றிக் கதவு திறவாது என்பது விந்தையான நிலை. மேலும் அம்மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. நிலைய எண்கள் ஒரு சங்கிலி. அதன் கோடியில் 29 என்னும் காலியிடம் இருக்கிறது. அதனால்தான் ஒருவர் பின் ஒருவராக நகர முடிந்தது. காலியிடமே இல்லாத ஏட்டில் என்ன செய்வது?

அத்தகைய ஏடு தமிழர் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. திருக்குறளில் அதிகாரம் 133, அதிகாரத்திற்குப் பத்து, ஆக 1330. இன்று பள்ளிகளில் குறளுக்கு வழங்கும் எண் பரிமேலழகர் கொண்ட வரிசையைத் தழுவியது. மணக்குடவர் முதலிய பிற உரையாசிரியர்கள் அதிகாரத்திற்குள் குறள்களைப் பல இடங்களில் வேறு முறையில் வைத்து உரை கண்டார்கள். ஓர் ஆசிரியர் குறள் முழுவதையும் அட்டவணையாக்கி, ஓர் அதிகாரத்தைப் பரிமேலழகர் வரிசையிலிருந்து மணக்குடவர் வரிசைக்கு மாற்ற விரும்பினால், பத்துக் குறள்களும் அதே பத்து எண்களுக்குள்தான் இடம் மாற வேண்டும். மூன்றாம் குறள் ஏழாம் இடத்திற்குச் சென்றால், ஏழாவது வேறோரிடம் தேடும். அங்கிருப்பது இன்னோரிடம் தேடும். இறுதியில் ஒன்று மூன்றாம் இடத்திற்கு வந்தே தீரும். இது சங்கிலியன்று, வட்டம். முதலில் எழுந்து நடப்பது எக்குறளாயினும், அது சென்று அமர வேண்டிய இருக்கையில் வேறொன்று அமர்ந்திருக்கும். ஏறுவரிசை, இறங்குவரிசை, எவ்வரிசையும் உதவாது. இரண்டு குறள்கள் தம்முள் இடம் மாறுவதற்கும் இதே கதிதான்.

ஆகவே தொழிலறிந்தோர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். முதலில் புதிய எண்களுக்கு எதிர்க்குறி இட்டு எழுதிவிடுகிறார்கள். எல்லாம் பூச்சியத்திற்குக் கீழே சென்றபின், மற்றொரு கட்டளையால் குறியை நீக்கி மேலே கொணர்கிறார்கள். இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டிவிட்டால் இடைநிலை பிறர் கண்ணில் படாது. வேலை நடக்கிறது என்பது மெய். ஆனால் கழித்தல் ஏழாம் குறள் என்று ஒன்று ஒரு நொடியேனும் ஏட்டில் எழுதப்படுகிறது. குறளெண் ஒன்றுக்குக் குறையலாகாது என்று நல்லறிவுடைய ஆசிரியர் முன்பே ஒரு விதி வகுத்திருந்தால், இத்தந்திரமும் பலிக்காது. ஒரு விதியை மீறாமைக்காக மற்றொரு விதியைத் தளர்த்த வேண்டியதாகிறது.

போஸ்ட்கிரஸ் 2010-இல் வெளிவந்த 9.0-ஆம் பதிப்பில் ஒரு நல்ல வழியைத் திறந்தது. தனித்துவ விதியை எழுதும்போதே, ஒத்திவைக்கத்தக்கது என்று குறித்துவிட்டால், தளம் கட்டளையின் இறுதிவரை பொறுக்கும். வேண்டுமானால் பரிவர்த்தனையின் இறுதிவரையும் பொறுக்கும். தரநூல் இவ்வசதியை 1992-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வகுத்திருந்தது. குறை என்னவெனில், இப்பொறுமை கேட்டால்தான் கிடைக்கிறது. கேட்டவர்க்கு வேகம் குறைகிறது. இன்னொரு தண்டனையும் உண்டு. ஒத்திவைக்கத்தக்க தனித்துவம் உடைய பத்தியை வேறோர் அட்டவணை மேற்கோளாகச் சுட்டி நிற்க முடியாது. உரைகளைத் தனி அட்டவணையாக்கி, ஒவ்வோர் உரையும் இன்ன எண்ணுள்ள குறளுக்கு உரியது என்று பிணைக்க விரும்பும் ஆசிரியர், பொறுமையையோ பிணைப்பையோ ஒன்றைக் கைவிட வேண்டும்.

எண்ணை மாற்றுவதே தவறு. மாறாத குறியைக் கொடுத்துவிட்டால் இத்தொல்லை இல்லை என்பார் சிலர். ரயில் தடத்தார் கைக்கொண்டது அதுவே. உட்லண்ட்ஸ் வட்டாரத்து அடுக்குமாடிக் கட்டடங்களில் எண்ணுக்குப் பின் ஏ, பி என்று எழுத்துகள் தொங்குவதும் அதனால்தான். மாறாகச் சென்னை மாநகரம் வீட்டு எண்களைத் துணிந்து மாற்றிற்று. விளைவு யாவரும் அறிந்தது: பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சுமந்துகொண்டு முகவரிகள் அலைகின்றன, ஒரே தெருவில் ஒருவருடைய பழைய எண்ணே மற்றொருவருடைய புதிய எண். கட்டளையின் இறுதியே வாராமல், ஒத்திவைப்பு நிரந்தரமாகிவிட்ட நிலை அது. ஆதலால் இடத்தைப் பெயராக்காமல் விடுவது நல்ல அறிவுரை. குறளேட்டிற்கும் அது பொருந்தும். எவ்வுரையையும் சாராத குறி ஒன்றைக் குறளுக்குக் கொடுத்து, உரை அட்டவணையை அதனோடு பிணைக்கலாம். பரிமேலழகர் வரிசைக்கு ஒரு பத்தியும் மணக்குடவர் வரிசைக்கு ஒரு பத்தியும் தனித்தனியே வைக்கலாம்.

எனினும் அவ்விரு பத்திகளிலும் ஓர் அதிகாரத்திற்குள் ஓரெண் இருமுறை வரலாகாது என்னும் விதி இருந்தே ஆக வேண்டும். இல்லையேல் இரண்டு மூன்றாம் குறள்கள் நுழைந்துவிடும். ஏட்டை முதலில் எழுதியவர் மணக்குடவர் பத்தியில் இரண்டு எண்களை இடம் மாற்றிப் பதித்துவிட்டார் எனக் கொள்க. பிழை கண்ட ஆசிரியர் அவற்றை நேர்செய்ய ஒரே வாக்கியம்தான் எழுத வேண்டும். அவ்வாக்கியத்தில் எண் ஒன்றும் இரட்டிக்கவில்லை. ஆனால் ஒத்திவைக்குமாறு முன்னமே எழுதிக் கேளாத ஏட்டில், போஸ்ட்கிரஸ் முதல் வரியிலேயே இரட்டிப்பு என்று சொல்லி அதைத் திருப்பி அனுப்பிவிடும்.